அண்ணன் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த பஞ்சு

என் அண்ணன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். அங்கே அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்டால் வாசல் காவலாளி வரைக்கும் கை காட்டுவார்கள். தட்டை நீட்டுகிறவர் போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தாலும், “இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே கரண்டியைச் சாய்த்துவிடுவார். சாமான் அதிகமாகச் செலவாகிறது என்று மேலாளர் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். பசியோடு போகிறவன் மெஷினில் கையை விட்டால் யார் பதில் சொல்வது என்று இவர் திருப்பிக் கேட்டுவிட்டு வந்தாராம். அதற்கப்புறம் மேலாளருக்கும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

நான் அவருக்கு நேர் தங்கை. மருந்துக் கடையில் வேலை. அவர்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் தனியாக இருக்கிறேன், ஆனால் பாதி நாள் சாப்பாடு மேலேதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கத்திவிட்டு அடுத்த நிமிஷம் என்னம்மா கறி என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அண்ணனுக்குக் கோபம் லேசில் வராது. வந்தால் பெட்டி படுக்கையோடு வந்து குடியிருக்கும்.

அப்படிக் குடியேறிய கோபம் ஒன்றுதான். அது அவருடைய ஒரே மகள் கப்பலில் வேலைக்குப் போனபோது வந்தது.

அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசில் செய்த அட்டகாசத்துக்கு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. மெஷின் படிப்பு படித்தாள். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை கிடைத்தது என்று வந்து நின்றாள். ஜன்னல்கூட இல்லாத அறையில், மாசக்கணக்கில் தண்ணீர் மேலே, அத்தனை ஆண்களுக்கு நடுவில் என் பெண்ணா என்று அண்ணன் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தார். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். நம் வீட்டு ஆம்பளைங்களுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. “போறதுன்னா போ. அப்புறம் என்கிட்ட பேச வேண்டாம்” என்றார். அவளும் அவர் பெற்ற பெண்தானே. சரி என்று சொல்லிவிட்டு, அப்படியே பேசாமல் மூட்டை கட்டினாள்.

போகும்போது அவள் விட்டுவிட்டுப் போனது ஒரு கண்ணாடித் தொட்டி. கூடத்தில், முன்னே செருப்பு அலமாரி இருந்த இடத்தில், இடுப்பு உயர மேஜை மேல் இருக்கிறது. கடல் தண்ணீர்த் தொட்டி. குழாய்த் தண்ணீரைச் சுத்தப்படுத்தி, அதற்கென்று விற்கிற உப்பைக் கலந்து, சின்னக் கடலையே வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தாள். உள்ளே குண்டும் குழியுமான பாறைகள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், நடுவில் பச்சையாக ஒரு மூளைப் பவளம். மேலே நீல விளக்கு எரிந்தால் அந்தப் பவளம் தசையை உப்பிக்கொண்டு கையளவுக்கு விரியும். பார்ப்பதற்கு ஏதோ செடி மாதிரி இருக்கும், ஆனால் அது உயிருள்ள பிராணி, வாய் உண்டு, சாப்பிடும் என்று வாலுதான் எனக்குச் சொன்னாள். அது படிக்கும்போதே டியூஷன் எடுத்துச் சேர்த்த அவளுடைய முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது. கிளம்புகிற அன்றைக்கு, அண்ணன் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்க, சுவரைப் பார்த்துச் சொன்னாள், யாராவது இந்தப் பவளத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று. அந்த ‘யாராவது’ யார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

கப்பல் துறைமுகத்தைத் தொடும்போதெல்லாம் வீடியோவில் கூப்பிடுவாள். அண்ணியோடு பேசுவாள், நான் இருந்தால் என்னை வம்புக்கு இழுப்பாள். முதல் தடவை தொட்டியைக் காட்டச் சொல்லி, தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். அண்ணி திருதிருவென்று விழித்தாள். சமையலறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது, உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று. அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அண்ணி பேசி முடித்ததும் போனை அண்ணன் வாங்கிக்கொள்வார். தன் முகம் தெரியாதபடி கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வார். மோட்டார் சத்தம் போடுகிறதா என்பாள். இல்லை என்பார். பவளம் விரிகிறதா என்பாள். விரிகிறது என்பார். அப்பா என்று அவள் கூப்பிட மாட்டாள், அம்மா என்று இவர் அழைக்க மாட்டார். வெறும் தண்ணீரைப் பற்றிய பேச்சு. ஆனால் அன்றைக்குக் கேன்டீனில் எல்லோர் தட்டிலும் மலை மாதிரி விழும் என்று அங்கே வேலை செய்கிற ஒரு பெண் என் கடைக்கு வந்தபோது சொல்லியிருக்கிறாள்.

இது என்ன கூத்து, நேராகப் பேசினால் வாய் வெந்துவிடுமா என்று ஒருநாள் அவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இந்தத் தொட்டி இருக்கிற வரைக்கும் அவ பேசுவா” என்றார். சிலிண்டர் இன்னும் பத்து நாள் வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அந்தத் தொட்டியில்தான் பஞ்சு வளர ஆரம்பித்தது.

முதலில் பின்பக்கக் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புள்ளிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் வாய் திறந்த குட்டிக் குடம் மாதிரி இருந்தது. அண்ணன் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு பாறையின் அடியில் மஞ்சளாக ஏதோ கசிந்தது மாதிரி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிசைந்த மாவை அப்பியது போலப் பாறை முழுக்கப் பரவி, பவளம் உட்கார்ந்திருந்த பக்கத்துப் பாறையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அண்ணி பூஞ்சை என்றாள். நான் ஏதாவது அழுக்காக இருக்கும் என்றேன். கடையில் போய்க் கேளுங்கள் என்று இரண்டு பேரும் சொன்னோம். அண்ணனுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. அந்த வளர்ப்பு மீன் கடைக்காரர் வாலுவுக்குப் பழக்கம், அவள் காதுக்குப் போய்விடும் என்று பயம். அடுத்த தடவை கூப்பிட்டபோது போனைச் சாய்த்துப் பிடித்து நல்ல பக்கத்தை மட்டும் காட்டினார். புதுசாக ஏதாவது உண்டா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

அப்புறம் அவரே வைத்தியம் பார்க்கக் கிளம்பினார். அதுதான் வினை.

ஒரு சமையல்காரர் கண்ணுக்கு ஒட்டிக்கொண்டு வராதது எல்லாமே அடிப்பிடித்ததுதான். கேன்டீனில் பெரிய பாத்திரம் அடிப்பிடித்தால் உடனே தேய்த்து மல்லுக்கட்ட மாட்டார்கள். வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தால் அது தானாகப் பொருக்கு விட்டுக் கழன்று வரும். அதே ஞாபகத்தில் அண்ணன் அந்த மஞ்சள் பாறையை வெளியே எடுத்துப் பால்கனி வெயிலில் வைத்துவிட்டார். மத்தியானம் வரை காய்ந்தது. மேலே இருந்ததைச் சுரண்டினார், அழகாக உரிந்து வந்தது. பாறையைக் கழுவிப் பழையபடி தொட்டியில் வைத்துவிட்டு, எனக்குப் போன் போட்டு, வேலை சுத்தமாக முடிந்தது, வந்து பார் என்று பெருமையடித்துக்கொண்டார். நானும் பார்த்துவிட்டு, பாத்திரம் விளக்குவதில் உங்களை அடிக்க ஆளில்லை என்று பாராட்டிவிட்டு வந்தேன். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு நாள் போனது. ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணி படியிறங்கி வந்து, கொஞ்சம் மேலே வா என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. கதவைத் திறந்ததுமே நாற்றம் மூக்கில் அடித்தது. தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பவளம் சுருங்கிப்போய், ஒரு ஓரத்தில் தசை கழன்று வெள்ளை எலும்பு தெரிந்தது. அண்ணன் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு.

நான் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கடைக்காரரை நானே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் ஒல்லியான, அவசரமே இல்லாத மனுஷர். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நடந்ததைக் கேட்டார். பாறையை வெயிலில் வைத்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அது பூஞ்சையும் இல்லை, அழுக்கும் இல்லை. கடற்பஞ்சு. அதுவும் ஒரு உயிர்தான். உடம்பு முழுக்க ஓட்டை, அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் மிதக்கிற தூள் துணுக்கைச் சாப்பிட்டுப் பிழைக்கும். வெளியே எடுத்தால் அந்த ஓட்டையில் எல்லாம் காற்று புகுந்துகொள்ளும், செத்துப்போகும். மேலே இருந்ததைத்தான் நீங்கள் சுரண்டியிருக்கிறீர்கள், பாறையின் குழிக்குள் இருந்த மிச்சம் செத்து, தொட்டிக்குள் அழுகுகிறது. எடுப்பதாக இருந்தால் தண்ணீருக்குள் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, குழாயால் உறிஞ்சி வெளியே விட வேண்டும் என்றார்.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்று அண்ணி கேட்டாள். பாறையோடு வந்திருக்கும், எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கும், இருந்தால் நல்லதுதான், தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்றார். ஆனால் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றால் யாரோ அதற்கு வாரி வாரிப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் மீனுக்குச் சாப்பாடு போடுவது யார் என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் அண்ணன்.

“நான்தானே போடறேன்” என்றாள் அண்ணி.

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். குட்டு வெளிப்பட்டது இப்படித்தான். மகள் மேல் இருக்கிற கோபத்தில் இவர் எங்கே அவள் மீனுக்குச் சாப்பாடு போடப்போகிறார் என்று, அண்ணி இவர் வேலைக்குப் போனதும் தினமும் போட்டிருக்கிறாள். பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் மீனைக் கொஞ்சுகிறாரே என்று கேலி பண்ணுவோமென்று, இவர் எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் போட்டிருக்கிறார். அதுவும் எப்படி? ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்தில் கேன்டீன் கை. மீன் திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம். தொழிற்சாலைக்குப் போடுகிற கையால் இரண்டு மீனுக்குப் போட்டால் மிச்சமெல்லாம் எங்கே போகும்? கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மீன் சாப்பிட்டது போக எல்லாம் பஞ்சுக்குத்தான் என்றார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இத்தனை நாளாக இந்த வீட்டில் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், வேறென்ன.

அந்தப் பாறையை எடுத்துப் போடுங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மோட்டாரில் தண்ணீரை வடிகட்டுகிற கரி வையுங்கள், பவளத்துக்கு ஓய்வு வேண்டும், விளக்கைப் போடாதீர்கள் என்று கடைக்காரர் சொன்னார். பிழைக்குமா என்று அண்ணன் கேட்டார். மீன் பிழைத்துவிடும், பவளத்துக்குச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நாங்கள் வாளியும் குழாயுமாக இறங்கினோம். கூடம் முழுக்க ஈரம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாலு.

அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாசக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டுக் கூப்பிடுகிற பெண்ணின் போனை எந்தத் தாய் எடுக்காமல் இருப்பாள்? அண்ணி எடுத்தாள். நன்றாக இருக்கிறேன், அத்தை வந்திருக்கிறாள், மழையில்லை என்று ஏதேதோ உளறினாள். வாலுவுக்குச் சந்தேகம் தட்டியது. தொட்டியைக் காட்டச் சொன்னாள். அண்ணி போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஈரக் கையோடு வாங்கி, பழக்க தோஷத்தில் கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

“லைட் ஏன் எரியல?” என்றாள்.

கரண்ட் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் வந்தது வேறு.

“பவளம் போயிடும் போல இருக்கும்மா. நான்தான் கெடுத்தேன். பாறைய வெயில்ல காய வச்சிட்டேன்.” போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இனிமே நீ எதைக் கேக்கறதுக்குப் போன் பண்ணுவ?”

அந்தப் பக்கம் இரும்பு உராய்கிற ஓசை மட்டும் கேட்டது. அண்ணன் எழுந்து விளக்கின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார், பவளத்தையாவது காட்டிவிடலாம் என்று நினைத்திருப்பார்.

“அப்பா, லைட்டப் போடாதீங்க.”

அவர் கை அப்படியே நின்றது.

“கண்ணாடியில நீங்க தெரியறீங்க. லைட் எரிஞ்சா மீன் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் உங்க முகம் தெரியுதான்னுதான் தேடுவேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எவ்வளவு இளைச்சிட்டீங்க அப்பா” என்றாள்.

நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் அவர் மேல் விழுந்து, இருட்டுத் தொட்டியின் கண்ணாடியில் அவருடைய முகம் அச்சாகத் தெரிந்தது. ஈரச் சட்டை, நரைத்த தாடி, கையில் போன், எல்லாமே தெரிந்தன. அவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. நான் போய்ப் போனைப் பிடுங்கி, கேமராவை அவர் பக்கம் மாற்றி, திரும்பவும் அவர் கையிலேயே திணித்தேன். கத்துகிற எனக்கே கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“அங்க யாரு சமைக்கிறா?” என்று கேட்டார் அண்ணன்.

“ஒருத்தர் இருக்கார். கரண்டியச் சாய்க்கவே மாட்டார்.”

“இன்னும் கொஞ்சம்னு கேளு.”

“கேட்டா முறைக்கிறார்ப்பா.”

அவ்வளவுதான், அண்ணனுக்கு வந்ததே கோபம். அந்த ஆள் எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறான், எத்தனை பேருக்கு, காய் எப்போது ஏற்றுகிறார்கள், இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்குச் சூடாக என்ன இருக்கும் என்று விசாரணையில் இறங்கிவிட்டார். அவளும் சளைக்காமல் சொன்னாள். இன்ஜின் அறைச் சூட்டில் முதல் மாசம் அழுததைச் சொன்னாள். பயமாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். எனக்கும் இருந்தது என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. தண்ணீர் வாளியைத் தூக்கி நடந்தது முழுக்க நானும் அண்ணியும்தான். எனக்கு இடுப்பு விட்டுப்போனது, ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மீன் இரண்டும் பிழைத்துவிட்டன. பவளத்தில் ஒரு ஓரம் எலும்பாகவே நின்றுவிட்டது, மற்றது மெல்ல மெல்லச் சதை பிடித்தது. இப்போது சாப்பாடு ஒரு வேளை, ஒரு சிட்டிகை, அதுவும் அண்ணி எதிரில்தான். அண்ணன் சிட்டிகையைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார், அவள் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். வாரிப் போடுவது நின்றதும் பஞ்சும் தானாக அடங்கிவிட்டது. பின்பக்கக் கண்ணாடியில் வெள்ளைக் குடங்கள் கொஞ்சம் இன்னும் இருக்கின்றன. அவை இருந்துவிட்டுப் போகட்டும் என்று அண்ணன் விட்டுவிட்டார்.

போன வாரம் வாலு கூப்பிட்டிருக்கிறாள். நான் கடையில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது அண்ணன் படியிலேயே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேசினாளாம், அந்தச் சமையல்காரர் இப்போது கரண்டியைச் சாய்க்கிறாராம், இவள் கையில் சூடான இன்ஜின் எண்ணெய் பட்டுக் கொப்புளமாம், மருந்து என்ன போடலாம் என்று என்னைக் கேட்கச் சொன்னாளாம். எல்லாம் சொல்லி முடித்தபின் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு புகார் சொன்னார்.

“இவ்வளவு பேசினாளே, தொட்டியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல பாரு.”

நீங்களாவது சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

“நானும் மறந்துட்டேன்” என்றார்.